தடங்கல் இல்லாத சொர்ணம்

மனித குலத்தின் வரலாற்றில் மூன்று பெரும் பாய்ச்சல்கள் உண்டு. ஒன்று நெருப்பு. இரண்டு சக்கரம். மூன்றாவது, கோள் விட்டுக் கோள் பிரிந்து கிடக்கும் உள்ளங்களைத் தடங்கலின்றி இணைக்கும் படக்கலை. இந்த மூன்றாவதைக் கண்டுபிடித்தவர் செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில், கழிவுநீர்க் குழாய்க்கு அடுத்த அறையில் வசிக்கும் கோமதிநாயகம். இதைச் சொன்னவரும் கோமதிநாயகம்தான். வேறு யாரும் சொல்லக் காணோம்.

சங்கரன்கோவில்காரர். குடியிருப்பின் மின்பொறியாளர். அது சம்பளத்துக்கு. அவருடைய உண்மையான பதவி செவ்வாய்த் தமிழ்ச் சங்கத்தின் தொழில்நுட்பச் செயலாளர். செவ்வாயில் முதல் தமிழர் இறங்கியபோது ஒரு கொடி நட்டார். இரண்டாமவர் இறங்கியதும் சங்கம் தொடங்கினார்கள். மூன்றாமவர் இறங்கியதும் சங்கம் இரண்டானது. கோமதிநாயகம் இருந்தது மூலச் சங்கத்தில். இன்னொன்று தன்னை ஆதிச் சங்கம் என்று சொல்லிக்கொண்டது.

குடியிருப்பில் எல்லோருக்கும் ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்திருந்தார்கள். அதில் படம் வழுக்கிக்கொண்டு ஓடும். கோமதிநாயகம் அதை வாங்க மறுத்துவிட்டார். அவரிடம் இருந்தது பூமியிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர். அதில், யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கக்கூடிய லினக்ஸ் என்ற மென்பொருள் ஓடியது. ஓடியது என்பது மரியாதைக்குச் சொல்வது. பெருமையாக அதைச் சங்கத்துக்கும் பொதுக் கம்ப்யூட்டர் ஆக்கியிருந்தார்.

"அண்ணே, டேப்லெட்லதான் படம் பளிச்சுன்னு ஓடுதே. அதுல பாத்துட்டுப் போங்களேன்" என்பாள் மெய்யம்மை. பசுமைக்கூடத்தில் கத்தரிக்காய் பயிரிடுபவள், சங்கத்தின் பொதுச் செயலாளர், காரைக்குடிப் பக்கம்.

"அதுக்குள்ள என்ன ஓடுதுன்னு உனக்குத் தெரியுமா?"

"படம் ஓடுது."

"அதைக் கேக்கல. அந்த மென்பொருளைத் திறந்து உள்ள என்ன இருக்குன்னு பாக்க முடியுமா உன்னால?"

"எதுக்குண்ணே திறக்கணும்? நான் கத்தரிக்காயைத்தான் திறந்து பாப்பேன், உள்ள புழு இருக்கான்னு."

"அதத்தான் நானும் சொல்லுதேன்!"

இந்தக் கொள்கை உறுதியால் நேரடியாக அடிபட்டது ஒரே ஒரு விஷயம். அவர் மனைவி சொர்ணத்தின் வீடியோ கடிதங்கள்.

சொர்ணம் பாளையங்கோட்டையில் இருந்தாள். பூமிக்கும் செவ்வாய்க்கும் நேரடியாகப் பேச முடியாது. இங்கே 'ஹலோ' சொன்னால் அங்கே போய்ச் சேர்வதற்குள் சோறு வெந்துவிடும். அதனால் வாரம் ஒரு வீடியோ கடிதம். அது அவருடைய கம்ப்யூட்டரில் திக்கும். சொர்ணம் படத்தில் "சாப்" என்று வாயைத் திறந்தால் "பிட்டியளா" என்று மூடுவதற்குள் கோமதிநாயகம் தேநீர் போட்டுக் குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிடலாம். கல்யாணமான இத்தனை வருடத்தில் சொர்ணம் அவர் எதிரே இவ்வளவு நேரம் வாயைத் திறந்தபடி பேசாமல் இருந்தது கிடையாது என்பது வேறு விஷயம்.

அவருக்கு அந்தக் கடிதங்களிலிருந்து தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. சொர்ணம் வருகிறாளா, இல்லையா? பூமியிலிருந்து கப்பல் இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் புறப்படும். முதல் கப்பலுக்குக் கூப்பிட்டபோது 'பாப்போம்' என்றாள். இந்தத் தை மாசியில் அடுத்த கப்பல். இதையும் விட்டால் அதற்கடுத்த கப்பல் வரும்போது அவர் ஓய்வு பெற்று, தானே ஊருக்குத் திரும்பும் கப்பலில் ஏற வேண்டியிருக்கும். தனியாகச் சாப்பிட்டுத் தனியாகத் தூங்கி, கழிவுநீர்க் குழாயின் சலசலப்பைப் பொருநை ஆறென்று நினைத்துக்கொள்ளும் அளவுக்கு வந்திருந்தார் மனிதர்.

ஆகவே படத்தைச் சரிசெய்யக் கிளம்பினார். திரையில் தேவையில்லாத அலங்காரங்களையெல்லாம் நீக்கினார். மற்ற நிரல்களை மூடினார். கடிகாரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. படத்தைச் சுருக்கிச் சுருக்கித் தபால் தலை அளவுக்குக் கொண்டுவந்தார். சுருட்டி வரும் வீடியோவைப் பிரித்துப் படமாக்கும் வேலையை அதற்கென்றே இருக்கும் சில்லுக்குத் தள்ளிப் பார்த்தார். அந்தச் சில்லு பயணத்திலேயே உயிரை விட்டிருந்தது. இத்தனை காலமும் அது சூடாகி அறைக்குக் கணப்பாக மட்டும் இருந்திருக்கிறது.

கடைசியில் தானே ஒரு நிரல் எழுதினார். அதற்குப் பெயர் வைக்கச் சங்கம் இரண்டு முறை கூடி, 'காட்சியிடைவெளி நிரப்பி' என்று தீர்மானம் போட்டது. வெளியே வந்ததும் எல்லோரும் 'நிரப்பி' என்றார்கள்.

"படம்னா என்ன? நொடிக்கு இருபத்தஞ்சு போட்டோ" என்று மெய்யம்மைக்கு விளக்கினார். "இந்தக் கம்ப்யூட்டரால அஞ்சாறைத்தான் பிரிக்க முடியுது. மிச்சத்த இது ஊகம் பண்ணிக்கிடும்."

"எப்படிண்ணே?"

"ஆளைப் பழகிக்கிடும். சொர்ணம் தலையை இப்படிச் சாய்ச்சா அடுத்து என்ன செய்வா, என்ன சொல்லுவான்னு இதுக்குப் பிடிபட்டிரும். குரலும் அப்படித்தான். ஊகம் சரியா வர வர அந்த ஆள் மேல நம்பிக்கை கூடும். நம்பிக்கை கூடக் கூட, நிஜப் படத்த எட்டிப் பாக்கறத குறைச்சுக்கிடும். கம்ப்யூட்டருக்கு வேலை மிச்சம்."

"ஊகம் தப்பாப் போச்சுன்னா?"

"எட்டிப் பாக்கும்போது தெரிஞ்சுக்கிட்டு திருத்திக்கிடும்."

"எட்டியே பாக்கலைன்னா?"

"நீ போயி கத்தரிக்காய்க்குத் தண்ணி விடு."

படம் முடிந்ததும் திரையின் அடியில் பச்சை எழுத்தில் ஒரு வரி வரும்படி செய்திருந்தார். 'தேவைப்பட்ட நிஜம்: இத்தனை சதவீதம்.' முதல் முறை சொர்ணத்துக்கு எழுபத்தொன்பது வந்தது. படம் கொஞ்சம் திக்கியது, ஆனால் ஆள் புரிந்தாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அதற்குள் பொங்கல் விழா வந்துவிட்டது.

வருடா வருடம் பொங்கலுக்கு, 'அண்டம் அளாவிய தமிழ்ப் பேரவை'யின் தலைவர் முனைவர் திருமேனிநாதன் பூமியிலிருந்து வாழ்த்துரை அனுப்புவார். போன வருடம் அது, 'பெருமக்களே' என்பதன் 'பெரு' என்ற இடத்தில் நின்றுவிட்டது. ஜனங்கள் போய்ப் பொங்கல் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். அப்போதும் 'பெரு'வில்தான் இருந்தார். ஆதிச் சங்கத்து ஆட்கள் ஒரு மாதம் சிரித்தார்கள். இந்த முறை மானம் போகக் கூடாது என்று மூலச் சங்கம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. கோமதிநாயகம் முனைவரின் பழைய உரைகளையெல்லாம் நிரப்பிக்கு ஊட்டினார். நம்பிக்கை அளவைக் கடைசி வரை ஏற்றிவைத்தார்.

விழாவன்று படம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு ஓடியது. தோளில் சால்வையோடு முனைவர் தோன்றினார். அவர்களே, அவர்களே என்று மூலச் சங்கத்தின் தலைவரிலிருந்து காற்றுக் குழாய்ப் பராமரிப்பாளர் வரை விளித்து முடித்தார். "அன்று கடல் தாண்டிய தமிழன், இன்று காற்றே இல்லாத இடத்திலும் மூச்சு விடுகிறான்!" என்றார். கைதட்டல் கூரையைத் தொட்டது. ஆதிச் சங்கத் தலைவர் குணாளன்கூட வாசலில் நின்றபடி முகம் வாடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெய்யம்மை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "அண்ணே, அவர் அனுப்பினதே பன்னெண்டு நிமிஷம்தான்."

"முடியப் போகுதா?"

"முடிஞ்சு அரை மணி நேரமாச்சு. பொங்கலெல்லாம் ஆறுது."

கோமதிநாயகம் பார்த்தார். வீடியோ எப்போதோ தீர்ந்திருந்தது. மேற்கொண்டு படம் வராததை ஏதோ தடங்கல் என்று நினைத்துக்கொண்டு நிரப்பி தன் கையிருப்பிலிருந்தே தொடர்ந்துகொண்டிருந்தது. முனைவர் இப்போதுதான் நிறைவுரைக்கு முன்னுரை சொல்ல ஆரம்பித்திருந்தார். யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அவசரமாக நிறுத்தினார். பெரிய திரையில், ஊர் பார்க்க, பச்சை எழுத்து வந்தது. தேவைப்பட்ட நிஜம்: மூன்று சதவீதம்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "அந்த மூணு எது?" என்றது.

தேடிப் பார்த்தார்கள். நடுவில் ஒரு ஈ வந்து முனைவரின் மூக்கில் உட்கார்ந்திருக்கிறது. அதை அவர் விரட்டிய நேரம்தான் அந்த மூன்று சதவீதம்.

அன்றிலிருந்து குடியிருப்பில் எல்லோருக்கும் தங்கள் எண் தெரிந்தாக வேண்டும் என்றாகிவிட்டது. ஆளாளுக்குப் பழைய வீடியோக்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குணாளனுக்கு ஒன்பது வந்தது. முனைவரைவிட மூன்று மடங்கு நிஜமானவர் என்று ஆதிச் சங்கம் பாராட்டு விழா எடுத்தது. தையல்நாயகி என்ற செவிலிக்கு ஐம்பத்தெட்டு, அவள் கணவனுக்குப் பதினொன்று. அந்த வீட்டில் இரண்டு நாள் அடுப்பு பற்றவைக்கவில்லை. எண்ணைக் கூட்டிக்கொள்ள ஜனங்கள் எதிர்பாராததைச் செய்யத் தொடங்கினார்கள். குணாளன் தமிழின் தொன்மையைப் பற்றிப் பேசும்போதே திடீரென்று நண்டுக் குழம்பைப் பற்றிச் சொன்னார். முதல் வாரம் எண் ஏறியது. மூன்றாம் வாரம், நண்டு வரும் இடத்தில் நிரப்பி நண்டோடு தயாராகக் காத்திருந்தது.

இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. யாராவது பேசிக்கொண்டிருந்தால் பாதியில் எழுந்து, "மிச்சத்த நானே நிரப்பிக்கறேன்" என்று போய்விடுவார்கள். முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு அப்பாவிடம் பிள்ளையும், டாக்டரிடம் நோயாளியும், நோயாளியிடம் டாக்டரும் அதைச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

"உங்க நம்பர் என்னண்ணே?" என்று மெய்யம்மை கேட்டாள்.

"டாக்டர் தனக்குத் தானே ஊசி போட்டுக்கிட மாட்டார்" என்றார் கோமதிநாயகம்.

விழா முடிந்ததும் அவர் நம்பிக்கை அளவைக் குறைக்கவில்லை. அந்த வழுவழுப்பு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. சொர்ணம் இப்போது திக்காமல், திணறாமல், அடுப்படியில் ஃபிரிட்ஜுக்கு முன்னால் நின்று நதிபோலப் பேசினாள். "சாப்பிட்டியளா? மாத்திரை போட்டியளா? இங்க வெயில் மண்டையப் பொளக்குது. கப்பல் விஷயந்தான... பாப்போம்." தேவைப்பட்ட நிஜம்: நான்கு சதவீதம்.

"பாத்தியா, எவ்வளவு ஒழுங்கான பொம்பளை!" என்று மெய்யம்மையிடம் பீற்றிக்கொண்டார்.

"அது அவங்க ஒழுங்கா, உங்க மெஷினோட சோம்பேறித்தனமாண்ணே?"

கோமதிநாயகம் அன்றைக்கே சொர்ணத்துக்கும் நிரப்பியை அனுப்பிவைத்தார். ஊரில் அவர் விட்டு வந்ததும் லினக்ஸ் ஓடும் ஒரு பழைய மடிக்கணினிதான். அவர் வீட்டில் வேறு எதுவும் நுழையக் கூடாது. நிறுவும் முறையை நாற்பது பக்கத்துக்கு எழுதி அனுப்பினார். அவள் அதைப் படிக்காமலே நிறுவிவிட்டாள்.

மாசியில் கப்பல் புறப்பட்டது. அடுத்த வாரக் கடிதத்தில் சொர்ணம் அதே ஃபிரிட்ஜுக்கு முன்னால் நின்றாள். "கப்பல் விஷயந்தான... பாப்போம்" என்றாள்.

"கப்பல்தான் போயாச்சே, இனிமே என்னத்தப் பாக்க?" என்று கோமதிநாயகம் திரையைப் பார்த்துக் கத்தினார். சொர்ணம் வெயிலைப் பற்றிச் சொன்னாள்.

அவருக்கு வந்த கோபத்தில் ஒரு கடிதம் பதிவு செய்தார். "இனிமே உன்னக் கூப்பிட மாட்டேன். நீ அங்கயே இரு. எனக்கு இங்க கத்தரிக்காய் இருக்கு." அதற்கு வந்த பதிலிலும் 'பாப்போம்' இருந்தது. ரோஷமே இல்லாத ஜென்மம் என்று இன்னொன்று பதிவு செய்தார், இன்னும் காரமாக. மூன்றாவதில் அவள் அண்ணன் கல்யாணத்தில் நடந்த பந்தித் தகராறு வரை இழுத்தார். கடிதம் அனுப்ப எல்லோரும் ஒரு பொத்தானை அழுத்துவார்கள். பொத்தான் சோம்பேறிகளுக்கு என்பது அவர் கருத்து. கறுப்புத் திரையில் கட்டளையைக் கையாலேயே அடித்து அனுப்புவார். கோபத்தில் விசைகள் தெறிக்க அடித்தார்.

பிறகு கடிதம் போடுவதையே நிறுத்தினார். சங்கத்துக்குப் போவதையும் நிறுத்தினார். வழியில் யாராவது, "என்ன, வீட்டம்மா..." என்று ஆரம்பித்தால், "மிச்சத்த நானே நிரப்பிக்கிடுதேன்" என்று நடையைக் கட்டினார்.

ஏழு மாதம் கழித்துக் கப்பல் இறங்கிய அன்று ஊரே இறங்குதளத்துக்கு மாலையோடும் கற்கண்டோடும் போயிருந்தது. கோமதிநாயகம் அறையில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்தார். கதவு தட்டப்பட்டது. திறந்தார்.

பெட்டியும், கப்பலில் கொடுத்த கம்பளிக் காலுறையும், கக்கத்தில் பழைய மடிக்கணினியுமாகச் சொர்ணம் நின்றாள். பின்னால் ஒரு கூடை கத்தரிக்காயோடு மெய்யம்மை.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்குதிய? நவுருங்க. ஏழு மாசமா மிதந்துக்கிட்டு வந்திருக்கேன். ஒரு இடத்துல அழுந்த உக்காரணும்."

"நீ... எப்படி வந்த?"

"கப்பல்லதான். டவுன் பஸ்லயா வருவாக?"

"சொல்லவே இல்லியே!"

"சொல்லலியா?" சொர்ணம் பெட்டியைத் தொப்பென்று வைத்தாள். "தை மாசத்துலேர்ந்து ஒவ்வொரு லெட்டர்லயும் அதத்தான சொல்லுதேன்! கப்பல்லேர்ந்து எத்தனை போட்டேன், தலைமுடியெல்லாம் மேல பறக்க! பாக்கலியா நீங்க?"

"பாத்தேன். ஃபிரிட்ஜ் முன்னால நின்னு வெயிலப் பத்தி..."

"ஃபிரிட்ஜா? அத போகி அன்னைக்கே வித்தாச்சு."

மெய்யம்மை கத்தரிக்காய்க் கூடையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். "எட்டிப் பாக்கலைண்ணே அது" என்றாள்.

கோமதிநாயகம் நிரப்பியை நிறுத்திவிட்டுக் கடிதங்களை வரிசையாகப் போட்டார். படம் பழையபடி திக்கியது. சொர்ணம் உறைந்தாள், துள்ளினாள், மறுபடி உறைந்தாள். பின்னால் ஃபிரிட்ஜ் இருந்த இடத்தில் சுவரில் ஒரு சதுர வெளுப்பு. அடுத்ததில் காலி வீடு. அதற்கடுத்ததில் வட்டமான சன்னல், அதில் தேங்காய் அளவுக்குப் பூமி. முடி ஒளிவட்டம்போல விரிந்து நிற்க, சொர்ணம் ஒவ்வொரு சொல்லாக, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நெடுநேரம் வாயைத் திறந்தபடி நின்று, சொல்லிக்கொண்டிருந்தாள். "எனக்கு... பயமாத்தான்... இருக்கு... ஆனா... வாரேன்."

குழாய் சலசலத்தது.

"இத விட்டுட்டு என்னத்தப் பாத்திய?" என்றாள் சொர்ணம்.

அவர் விஷயத்தைச் சொன்னார். நான்கு சதவீதம் என்று வந்ததையும் வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

"நானா நாலு?" சொர்ணம் முந்தானையை இழுத்துச் செருகினாள். "ஒழுங்கா எண்ணச் சொல்லுங்க அந்தச் சவத்த."

அவர் நம்பிக்கை அளவைப் பூஜ்யத்துக்கு இறக்கி மறுபடி ஓட்டினார். தேவைப்பட்ட நிஜம்: தொண்ணூற்றாறு சதவீதம். மெய்யம்மை கைதட்டினாள். சொர்ணம் சமாதானமாகி, கூடையைத் துழாவி, எண்ணெயில் வதக்க எந்தக் கத்தரிக்காய் ஆகும் என்று பார்க்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் கோமதிநாயகத்துக்குத் தன் கடிதங்கள் ஞாபகம் வந்தன. "ஏ சொர்ணம்... நான் மூணு லெட்டர் போட்டிருந்தேனே. நீ கிளம்பினதுக்கு அப்புறம்."

"பாத்தேனே. மூணையும் முழுசாப் பாத்தேன்."

"முழுசாவா? கோவிச்சுக்கிடலியா?"

"எதுக்குக் கோவிக்கணும்? 'குளிர் ஜாஸ்தி, கத்தரிக்காய் நல்லாக் காய்க்கி, நீ வந்திரு'ன்னிய. மூணுலயும் அதேதான். நடுவழில எனக்குப் பயமா வந்துச்சு, திரும்பவும் முடியாது. அதப் போட்டுப் போட்டுப் பாத்துதான் மனசத் தேத்திக்கிட்டேன்." சொர்ணம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

கோமதிநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. நிரப்பி அவருடைய கோபத்தை வழித்தெறிந்துவிட்டு, உள்ளே இருந்த அன்பை மட்டும் காட்டியிருக்கிறது. ஒரு குடும்பத்தையே காப்பாற்றியிருக்கிறது! நெருப்பால் முடியுமா? சக்கரத்தால் முடியுமா? இதைப் பற்றி அடுத்த பொங்கலுக்கு ஒரு சிறப்புரை ஆற்ற வேண்டும் என்று முடிவு செய்தார். முதல் வாக்கியம்கூட நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"உங்க நம்பரையும் பாத்துருவோம்ண்ணே" என்று மெய்யம்மை சொர்ணத்தின் மடிக்கணினியைத் திறந்தாள். கோமதிநாயகம் மறுக்கவில்லை. முப்பது இருக்கலாம். குணாளனைத் தாண்டினால் போதும்.

மூன்று கடிதங்களுக்கும் ஒரே எண். தேவைப்பட்ட நிஜம்: பூஜ்யம்.

"அப்படி வரவே வராது. ஒரு படமாவது எட்டிப் பாத்திருக்கணும்" என்றார் கோமதிநாயகம். தன் கம்ப்யூட்டரின் பக்கம் திரும்பி, அனுப்பிய கடிதங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார்.

மூன்றிலும் அவர் வீடியோவை இணைக்க மறந்திருந்தார்.